சித்திரைக்கு ஊருக்குப் போனேன், அவசரமும் கூடவே வந்தது

2025 ஏப்ரல் 10, வியாழன் இரவு

ஹபரணையில் பஸ் நிற்கிறது. எல்லோரும் தேத்தண்ணீர் குடிக்க இறங்கிவிட்டார்கள். மகள் என் மடியில் தலை வைத்துத் தூங்குகிறாள், அதனால் நான் இறங்கவில்லை. கால் விறைத்துப்போய், ஒற்றைக் கையால் இதைப் போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த முறை ஒரு தீர்மானத்தோடுதான் புறப்பட்டேன். போன சித்திரைக்கு மட்டக்களப்புக்கு வந்து ஐந்து நாள் நின்றுவிட்டுக் கொழும்புக்குத் திரும்பியபோது என்ன சாப்பிட்டேன், யாரோடு கதைத்தேன் என்று ஒன்றும் மனதில் நிற்கவில்லை. நின்றதெல்லாம் வாங்க மறந்த சாமான்கள்தான். பெரியப்பாவுக்கு வேட்டி கொடுத்தேனா இல்லையா என்று பொலன்னறுவை தாண்டும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன், அப்புறம் பார்த்தால் வேட்டி என் பைக்குள்ளேயே இருந்தது. இந்த வருடம் அப்படி இல்லை, ஆறுதலாக இருக்கப் போகிறேன் என்று அலுவலகத்தில் சொன்னேன். கூட வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி உடனே என் போனில் ஒரு ஆப் போட்டுத் தந்தாள். மணிக்கு ஒரு தரம் அது கோயில் மணி மாதிரி அடிக்கும். அடித்தால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு மூன்று மூச்சு நிதானமாக இழுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

முதல் மணி அடித்தபோது நான் பஸ்ஸுக்குள் நின்று கத்திக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு சீட்டையும் இன்னொரு குடும்பத்துக்கும் விற்றிருக்கிறார்கள். அவர்களிடமும் அதே நம்பர் போட்ட டிக்கெட். ரயிலில் இடம் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது என்பதால்தான் இந்தப் பஸ், இதையும் விட்டால் நாளை மறுநாள்தான். கண்டக்டர் தம்பி "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க அக்கா" என்கிறார், என் கைப்பைக்குள் டிங் என்று மணி. உண்மையாகவே மூச்சை இழுத்தேன். அந்த மூச்சில் முன்னைவிடக் கொஞ்சம் சத்தமாகக் கத்த முடிந்தது, அதுதான் கண்ட பலன்.

கடைசியில் அந்தக் குடும்பத்து ஆச்சிக்கு ஜன்னல் சீட்டும் எனக்கு ஓரச் சீட்டும் என்று ஆனது. மகள் நடுவில் நெருக்கிக்கொண்டாள், ஆச்சியின் பேரன் ரைஸ் குக்கர் பெட்டி ஒன்றின் மேல் குந்தியிருக்கிறான். ஆச்சி செங்கலடிக்குப் போகிறாராம். கொஞ்ச நேரம் முன்னால் தோடம்பழம் உரித்துப் பாதியை எனக்குத் தந்தார். வெட்கமாக இருந்தது, ஆனாலும் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

விடியும் முன் வந்து சேர்ந்துவிட்டோம். ஓட்டோ கல்லடிப் பாலத்தில் ஏறும்போது கிழக்கில் வெளுத்துக்கொண்டு வந்தது, வாவியில் இரண்டு தோணி. படம் எடுக்கப் போனை வெளியே எடுத்துச் சரிபார்ப்பதற்குள் பாலம் முடிந்துவிட்டது. படமும் இல்லை, பார்க்கவும் இல்லை.

உப்போடை வீட்டில் பெரியம்மா கடப்படியில் நின்றார். "வந்திட்டியா மனே, முகத்தக் கழுவிட்டு வா, பிட்டு அவிச்சிருக்கன்." பிட்டும் மீன் சொதியும் சாப்பிட்டு, ஒரு மணித்தியாலம் படுத்தேன். பத்து மணிக்கு 23 சாமான் எழுதிய பட்டியலோடு நகரத்துக்குப் போனேன்.

பஸாரைப் பற்றி அதிகம் எழுத ஒன்றும் இல்லை. சித்திரைக்கு முந்தின வெள்ளி என்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. வெயில், பட்டாசுக் கடை, சேலை மூட்டை, மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்குத் துண்டுப் பிரசுரம் நீட்டும் ஆட்கள், நடைபாதையில் பிளாஸ்டிக் வாளி. என் மணி இரண்டு தரம் அடித்ததாம், எனக்குக் கேட்கவில்லை, மகள்தான் சொன்னாள்.

எழுத வேண்டியது தையல்கடை. மகளின் பாவாடை சட்டைக்கான துணியைப் போன மாதமே மச்சாள் மூலம் கொடுத்து அனுப்பியிருந்தோம், வெள்ளிக்கிழமை தயார் என்று வாக்கு. போனால் துணி வெட்டக்கூட இல்லை. கடை நிறைய ஆட்கள் நிற்க, நான் பிடித்துக்கொண்டேன். ஒரு மாதம் என்ன செய்தீர்கள், கொழும்பிலிருந்து பிள்ளையை வைத்துக்கொண்டு வருகிறோம், முடியாவிட்டால் முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே, இப்படியே போனது. அந்த மனுசன் பதில் சொல்லவே இல்லை, தலையை மட்டும் ஆட்டினார். அவர் திமிரில் நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். மூச்சு வாங்கி நிறுத்தியபோதுதான் பார்த்தேன், வாயில் நான்கு குண்டூசி. உதட்டுக்கு நடுவில் வரிசையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார், திறந்தால் விழும். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டு, "ரெண்டு நாளா படுக்கல்ல அக்கா, நாளைக்குப் பின்னேரம் தாறன்" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பின்னேரம் காத்தான்குடிக்குப் போனோம், சேலை எடுக்க. அங்கே நோன்புப் பெருநாள் மார்ச் 31 அன்று முடிந்து, கடைகள் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தன. கடைக்கார நானா எங்களைக் குந்தவைத்துப் பிளேன்டீ தந்தார். "நாங்க இப்பான் ஓடி முடிஞ்சி குந்திருக்கம் தங்கச்சி, இனி உங்கட ஓட்டம்" என்று சிரித்தார். கடைசிப் பத்து நாளும் இரவு இரண்டு மணிவரை கடை திறந்திருந்ததாம். நான் நான்கு சேலையை ஐந்து நிமிடத்தில் எடுத்துவைத்துவிட்டு பில் போடச் சொன்னேன். அவர் போடவில்லை. அவசரத்தில் எடுத்த துணிதான் பெருநாள் முடிந்த மறுநாள் மாற்ற வருகிறது, எனக்கும் அது தலையிடி, இன்னொரு தரம் விரித்துப் பாருங்கள் என்றார். விரித்துப் பார்த்தேன். ஒன்றின் கரை பெரியம்மாவுக்குப் பிடிக்கவே பிடிக்காத பச்சை. இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். தன் வியாபாரத்தில் பாதியைக் குறைத்துக்கொண்ட அந்த மனுசனைத்தான் இரவு படுக்கும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 12, சனி, போயா

காலையில் கொக்கிஸ் சுட்டோம். அதாவது பெரியம்மா சுட்டார், நான் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

கொக்கிஸ் சுட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மாவில் பெரிய விஷயம் இல்லை. அரிசிமா, தேங்காய்ப்பால், முட்டை, உப்பு, கொஞ்சம் மஞ்சள். விஷயம் அச்சில்தான். வெறும் அச்சை முதலில் கொதிக்கும் எண்ணெயில் வைத்துச் சூடாக்க வேண்டும். சூடு போதாவிட்டால் மா அச்சில் பிடிக்காது, மாச்சட்டியிலேயே வழுக்கிப் போய்விடும். கூடிவிட்டால் தொட்டவுடன் சீறிக்கொண்டு அச்சோடு ஒட்டிவிடும், பிறகு கத்தியால் சுரண்ட வேண்டியதுதான். மாவில் தோய்க்கும்போதும் அச்சின் மேல் விளிம்பு முழுகக்கூடாது, முழுகினால் கொக்கிஸ் அச்சைப் பூட்டிக்கொண்டுவிடும். சரியாக இருந்தால் எண்ணெயில் இறக்கிக் கொஞ்ச நேரம் பொறுத்து ஒரு சின்ன உலுப்பு, பூ தானாகக் கழன்று மிதக்கும். அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று கேட்டேன். "அது சொல்லும்" என்றார். எண்ணெயின் சத்தம் மாறுமாம். எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. பத்துப் பதினைந்து சுட்ட பிறகு ஒரு தரம் தெரிந்த மாதிரி இருந்தது, இரைச்சல் கொஞ்சம் மெலிந்து பொரியல் சத்தமாக ஆனது.

இந்த அச்சில் ஒரு இதழ் வளைந்திருக்கும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது இந்த வீட்டில் குசினி இருந்த பக்கம் முழுக்கப் போய்விட்டது. ஒரு மாதம் கழித்துப் பெரியப்பா வளவைத் துப்புரவாக்கியபோது மணலுக்குள் இருந்து வந்தது இந்தப் பித்தளை அச்சு. தட்டி நிமிர்த்தலாம், பெரியம்மா விடவில்லை. அதனால் எங்கள் வீட்டுக் கொக்கிஸ் எல்லாம் ஒரு இதழ் கோணலாகத்தான் இருக்கும். அயலில் யார் வீட்டுத் தட்டில் கலந்து கிடந்தாலும் எங்களுடையதை எடுத்துவிடலாம்.

நடுவில் என் மணி அடித்தது. அது என்னவென்று கேட்டார், சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், இல்லை. "மணிக்கு ஒருக்கா தவறாம அடிக்குமா?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார். அதிலிருந்து அது குசினி மணியாகிவிட்டது. உழுந்து ஊறப் போட்டதிலிருந்து இது மூன்றாவது மணி, அரியதரத்துக்கு நனைத்த அரிசியை இந்த மணிக்கு வடிக்க வேண்டும் என்று கணக்கு. போனை அம்மிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார், நானும் திருப்பிக் கேட்கவில்லை. இதை இரவில்தான் எழுதுகிறேன்.

இரவு என்றால், இன்று பறுவம், முழுநிலா. ஏழு மணிக்கு மேல் கல்லடியில் தோணி பிடித்தோம். இங்கே பிறந்தவர்களில் பாதிப் பேர் மீன் பாடுவதைக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. மீன்பாடும் தேன்நாடு என்று எல்லா வரவேற்புப் பலகையிலும் எழுதி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். கேட்பதற்கு ஏற்ற காலம் ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை, அதிலும் பறுவ இரவுகள் என்பார்கள். சித்திரைக்கு இரண்டு நாள் முன்னால் பறுவம் வந்து வாய்த்திருக்கிறது, இன்றைக்குப் போகாவிட்டால் இனி எப்போது?

தோணிக்கார அண்ணன் 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்துப் பக்கமாகக் கொண்டுபோய் எஞ்சினை நிறுத்தினார். லேடி மானிங் பாலம் என்று ஆளுநரின் மனைவி பெயரில் கட்டியது. 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் வந்த பிறகு இது சும்மா நிற்கிறது, காற்று வாங்க வருகிறவர்களுக்கு. மரத் துடுப்பைத் தண்ணீருக்குள் நிமிர்த்தி இறக்கினார். "மேல் நுனியில காத வையுங்க தங்கச்சி. கதைக்காதீங்க."

வைத்தேன். முதலில் கேட்டது புதுப்பாலத்தில் போகும் லொறி. அது தண்ணீருக்குள் இப்படி இறங்கும் என்று எனக்குத் தெரியாது, எருமை உறுமுவது போல அடித்தொண்டையில். பிறகு டொக் டொக் என்று ஒன்று, என் காதில் ஓடும் இரத்தம்தான் அது என்று புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு பட்டியல் வந்தது. வெற்றிலை வாங்கவில்லை, பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதுத்தாள் மாற்றவில்லை, தையல்கடைக்குப் போகவே இல்லை. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இதே வாவியில் நிலா இரவில் தோணியில் வந்து கேட்டு, ஈரவிரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்த்தால் வரும் மெல்லிய அதிர்வு போல என்று எழுதிவைத்தார். அவருக்கு அன்றைய மீனவர்கள் காட்டியது மீனை அல்ல, ஊரியை, சங்கு மாதிரி ஓடுள்ள ஒரு உயிரை. 1954இல் ஒரு அமெரிக்கப் பாதிரியார் ஒலிப்பதிவு செய்ததை ரேடியோ சிலோனில் போட்டார்கள். காரைதீவில் பிறந்து இந்தக் கல்லடியிலேயே சமாதியாகியிருக்கும் விபுலானந்த அடிகள், இதை நீரரமகளிர் பாடுவதாக வைத்துப் பாட்டே எழுதியிருக்கிறார். இத்தனை பேருக்குக் கேட்டது எனக்கு மட்டும் கேட்காமல் போவதா என்று அதற்கும் ஒரு அவசரம் வந்தது பாருங்கள்.

துடுப்பை மகளிடம் கொடுத்துவிட்டுச் சும்மா குந்தியிருந்தேன். நிலவு தண்ணீரில் கிடந்தது. பாலத்தின் மேல் யாரோ குடும்பம், ஐஸ்கிரீம் உருகுகிறது என்று சண்டை. மகள் அசையாமல் காதை வைத்துக்கொண்டிருந்தாள், பத்து நிமிடம் இருக்கும், வீட்டில் ஐந்து நிமிடம் ஒரு இடத்தில் இருக்காத பிள்ளை. பிறகு கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டாள். வைத்துப் பார்த்தேன். ஒரு முனகல், தம்புராவில் ஒற்றைத் தந்தியை மீட்டிவிட்டு விட்டது போல, நின்று நின்று. அண்ணனும் காதை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார், "அதுதான்." மீனா ஊரியா என்று கேட்டேன். "அவ்வளவெல்லாம் பாக்கிறல்ல" என்றார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று எல்லாம் ஒரே நாளில். குருத்தோலை ஞாயிறு என்பதால் காலையில் புளியந்தீவு முழுக்கத் தென்னங்குருத்து, பிள்ளைகள் சிலுவை மடித்துக்கொண்டு போகிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இந்தக் கிழமைகளில் தேவாலயங்களைக் கடக்கும்போது இந்த ஊரில் எல்லோருக்கும் நடை கொஞ்சம் மெதுவாகிறது. அதே வீதியில் வருடப்பிறப்புக்கு மாவிலை விற்கிறார்கள்.

எங்கள் வீட்டு வாட்சப்பில் பஞ்சாங்கச் சண்டை. பெரியம்மா வாக்கியம், மாமி திருக்கணிதம். விசுவாவசு வருடம் இரண்டிலும் திங்கள் அதிகாலைதான் பிறக்கிறது, ஆனால் ஒரே நேரத்தில் இல்லை. புண்ணிய காலம் பிறக்கும் நேரத்துக்கு முன்னால் நான்கு மணித்தியாலம், பின்னால் நான்கு, அதற்குள் மருத்துநீர் வைத்துக் குளிக்க வேண்டும். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் பொதுவாக ஒரு நேரத்தில் குளித்தால் போயிற்று என்று மச்சான் எழுதினார், இரண்டு பக்கமும் அவர் மேல் பாய்ந்தது.

பகல் மண்டூருக்குப் போனோம், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் சின்னம்மாவுக்குப் பலகாரம் கொடுக்க. குருமண்வெளித் துறையில் பாதைக்காகக் காத்திருந்தோம். வெளியூர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும், இங்கே பாதை என்றால் வீதி அல்ல, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. அது அக்கரையில் நின்றால் நிற்கிறதுதான். கத்த ஆள் இல்லை, மாற்று வழி சுற்றிப் போனால் வெகுதூரம். துறையில் கரையோரம் குந்தினோம். எனக்கு முன்னால் ஒரு ஐயா, சைக்கிள் கரியரில் வாழைக்குலை, அதை ஈரச்சாக்கால் மூடி அடிக்கடி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "வரும்" என்றார். அங்கே காத்திருந்த அரை மணித்தியாலம்தான் இந்த நான்கு நாளில் நான் ஒன்றும் யோசிக்காமல் இருந்த நேரம். போன் வீட்டில் அம்மிக்குப் பக்கத்தில் என்பதும் ஒரு காரணம்.

மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கதிர்காமம் போலவே கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் இல்லாமல், திரைக்குப் பின்னால் பூசை செய்வார். சின்ன வயதில் எனக்கு அது பயமாக இருந்தது. நாங்கள் போன நேரம் கோயில் பூட்டு. வெளியில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தோம். வாயில் துணி என்றதும் குண்டூசிதான் ஞாபகம் வந்தது, என்ன செய்வது.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தால் அம்பாறையிலிருந்து பழைய தோழி இரண்டு தரம் எடுத்திருக்கிறாள், உகணைப் பக்கம் சிங்களக் குடும்பம். திருப்பி எடுத்தேன். இன்று இரவே அவர்களுக்கு நோனகதய தொடங்குகிறது. வருடம் பிறக்கும் நேரத்துக்கு முன்னால் 6 மணித்தியாலம் 24 நிமிடம், பின்னால் அதே அளவு, மொத்தம் 12 மணித்தியாலம் 48 நிமிடம் அடுப்பு மூட்டக்கூடாது, ஒரு வேலையும் தொடங்கக்கூடாது, பன்சலைக்கு, அதாவது விகாரைக்குப் போகலாம். சின்ன வயதில் அது சலிப்பாக இருந்ததாம். இப்போது யோசித்தால் வருடம் முழுக்க அம்மா குசினியை விட்டு வெளியே வந்து கதிரையில் குந்துவது அந்த நேரம் ஒன்றுதான் என்றாள். நான் எங்கள் பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அரியதர மாவைப் பிசைந்துகொண்டிருந்தார். எங்கள் புண்ணிய காலத்தில் குளிக்கவும் உடுக்கவும் பொங்கவும் வேலை இருக்கிறது, சும்மா இரு என்று யாரும் எங்களுக்கு நேரம் குறித்துத் தரவில்லை. இது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

பொழுதுபட மருத்துநீர் வாங்கக் கோயிலுக்குப் போனேன். ஒழுங்கை வரைக்கும் வரிசை, எல்லோர் கையிலும் ஒன்றரை லீற்றர் வெறும் போத்தல். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மிளகு, சுக்கு, மஞ்சள், பால் எல்லாம் போட்டுக் காய்ச்சியது, வரிசையில் நிற்கும்போதே வாசம் வரும். முன்னால் நின்ற பெடியன் மூன்று போத்தலோடு வந்திருந்தான், பின்னால் முணுமுணுப்பு. நானும் முணுமுணுத்தேன். அவன் போத்தலில் வீட்டுப் பெயர்களை மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தான், ஒன்றில் "அப்பம்மா, கட்டில்" என்று. படுத்த படுக்கையில் இருப்பவருக்குப் போல. அத்தோடு வாயை மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

நாலரைக்குக் கிணற்றடி. தலைக்கு எந்த இலை, காலுக்கு எந்த இலை என்று கடைசி நேரத்தில் பெரியம்மாவுக்குச் சந்தேகம். பெரியப்பா கண்ணாடியைத் தேடி, பஞ்சாங்கத்தைத் தேடி, டோர்ச்சைத் தேடி, அதற்குள் மருத்துநீர் உச்சியில் விழுந்தாயிற்று. குளிர் முதுகு வழியாக இறங்கியது. மிளகும் பூவும் கலந்த அந்த வாசம் இன்னும் தலைமயிரில் இருக்கிறது.

மகள் போன வருடச் சட்டையைத்தான் போட்டாள், கை மட்டும் கொஞ்சம் இறுக்கம். பொங்கல் பொங்கி வழிந்தது. பெரியப்பா வெற்றிலையில் நெல்லும் பூவும் காசும் வைத்துக் கைவிசேஷம் தந்தார், நான் காலில் விழுந்து எழும்பும்போது காசு உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. ஐந்து பேர் குனிந்து தேடினோம்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தையில் பாய் போட்டு எல்லோரும் விழுந்தாயிற்று. சந்திப் பக்கம் விளையாட்டு விழா ஒலிபெருக்கி, வழுக்கு மரம் ஏறுகிறவர்களை யாரோ பெயர் சொல்லி உற்சாகப்படுத்துகிறார்கள். பெரியம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார். மணி அடித்தது. பழக்கத்தில் எழும்பப் போனவர், அடுப்பில் ஒன்றும் இல்லை என்று ஞாபகம் வந்து மறுபடி சாய்ந்துகொண்டார்.

மூன்று மணிக்குத் தையல்கடைக்காரர் போன் எடுத்தார். "சட்டை தச்சிட்டன் அக்கா, கொண்டுவந்து தரவா?" வருடப்பிறப்பன்று. நீங்கள் படுங்கள் தம்பி, நானே வருகிறேன் என்று சொன்னேன். இரண்டு கொக்கிஸும் கொஞ்சம் அரியதரமும் ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனேன். கடை பூட்டி, பின்கதவால் தந்தார். சட்டை நன்றாகத்தான் தைத்திருக்கிறார், கழுத்தில் சின்னப் பூ வேலை, நாங்கள் கேட்காதது. வெள்ளிக்கிழமை கத்தியதைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. பெட்டியைத் திறந்து கோணல் இதழைப் பார்த்துவிட்டு, "இது உப்போடை வீட்டுக் கொக்கிஸ்தானே" என்றார்.

பட்டியலில் ஏழு சாமான் வாங்காமல் கிடக்கிறது. நாளை இரவு பஸ். சீட் நம்பரை இந்த முறை இரண்டு தரம் பார்த்து வாங்கியிருக்கிறேன், டிக்கெட்டைப் படமும் எடுத்து வைத்திருக்கிறேன்.